காலாங் படம், சிலேத்தார் படம், ஒரு செஸ்னா தகடு: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

காலாங்கரை:

வணக்கம். மூன்று பழைய சிறு விமானங்களின் வரலாற்றைத் தேடுகிறேன். கையில் இருப்பவை இவ்வளவுதான்.

முதலாவது, சிங்கப்பூரின் பழைய காலாங் விமான நிலையத்தில் எடுத்த படம். இரட்டை இறக்கை விமானம். பின்னால் கண்ணாடிக் கோபுரத்தோடு முனையக் கட்டடம் தெரிகிறது. உடலில் வி.ஆர்.-எஸ் வரை படிக்க முடிகிறது. மீதி இரண்டு எழுத்தை ஒருவர் நின்று மறைத்துவிட்டார். பின்புறம் ஒன்றும் எழுதியில்லை.

இரண்டாவது, ஒற்றை மேலிறக்கை விமானம். பிரிட்டிஷ் விமானப் படையின் வட்டச் சின்னம், வி.எஃப். என்று தொடங்கும் எண். கடைசி இலக்கம் கிழிந்த ஓரத்தோடு போய்விட்டது. விமானம் மூக்குக் குத்தி நிற்கிறது. பின்னால் பென்சிலில் "சிலேத்தார், 51".

மூன்றாவதற்குப் படமே இல்லை. 9வி என்ற சிங்கப்பூர்ப் பதிவில் பறந்த செஸ்னா 172 ஒன்றின் டேட்டா பிளேட் (ஆலை பொருத்தும் அடையாளத் தகடு) எண்ணும், அதன் பறப்பையும் பழுதையும் எழுதிவைத்த இரண்டாவது லாக்புக்கின் சில பக்கங்களும் இருக்கின்றன. முதல் லாக்புக் இல்லை.

எந்த வரிசையில் தேடுவது? விபத்து நடந்திருந்தால் காரணத்தை எங்கே பார்ப்பது? இன்னொன்று: இணையத்தில் ஒரே விமானத்தின் முடிவுக்கு மூன்று இடத்தில் மூன்று தேதி போட்டிருக்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

வால்சக்கரம்:

முதல் படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் இங்கே என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பதிவெழுத்தையே பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். அது வீட்டு விலாசம் மாதிரி, குடி பெயர்ந்தால் மாறிவிடும். தொழிற்சாலையில் கொடுத்த தயாரிப்பு எண் மாறாது. எந்த நாட்டுக்குப் போனாலும், எத்தனை கை மாறினாலும் கூடவே வரும். ஆகவே பதிவெழுத்திலிருந்து தயாரிப்பு எண்ணுக்குப் போய்ச் சேருவதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகு எல்லாத் தேடலும் அந்த எண்ணை வைத்துத்தான்.

வி.ஆர்.-எஸ் என்றதும் சிங்கப்பூர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். போருக்கு முன் அந்த எழுத்து நீரிணைக் குடியேற்றங்களுக்கு உரியது. பினாங்கும் மலாக்காவும் அதில் அடக்கம். மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கு வி.ஆர்.-ஆர், ஜொகூருக்கு வி.ஆர்.-ஜே. 1946-இல் நீரிணைக் குடியேற்றங்கள் கலைந்து சிங்கப்பூர் தனிக் காலனியான பிறகுதான் வி.ஆர்.-எஸ் முழுக்க நம் ஊருடையது. மலாயா சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே 9எம் வந்தது. 1965-க்குப் பிறகு இங்கே 9வி. நீண்ட காலம் பறந்த விமானம் என்றால் இரண்டு மூன்று பதிவு போட்டிருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி ஆவணம் இருக்கும்.

இனி படத்தின் காலம். காலாங் திறந்தது 1937 ஜூன் 12. பாய லேபார் 1955 ஆகஸ்ட்டில் திறந்ததும் காலாங் மூடியது. நடுவே ஜப்பானியர் காலம். ஆகவே படம் 1937–42 அல்லது 1945–55. எது என்று விமானமே சொல்லும், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எஞ்சினைப் பாருங்கள். சிலிண்டர்கள் மூக்கின் மேலே துருத்திக்கொண்டு நின்றால் அது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டி.எச்.60 ஜிப்சி மாத். மூக்கின் மேற்பகுதி வழவழப்பாக இருந்து சிலிண்டர்கள் தலைகீழாகக் கீழே தொங்கினால் மாத் மேஜராகவோ டைகர் மாத்தாகவோ இருக்கும். இந்த இரண்டையும் பிரிப்பது இறக்கை. டைகர் மாத்தின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மேலிறக்கையைத் தாங்கும் நடுக் கம்பிகள் முன் இருக்கைக்கு முன்னாலேயே நிற்கும், முன்னால் இருப்பவர் பாராசூட்டோடு வெளியே குதிக்க இடம் வேண்டும் என்பதற்காக அப்படி மாற்றினார்கள்.

டைகர் மாத் என்று தெரிந்துவிட்டால் வாலைப் பாருங்கள். கிடைவால் உடலோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், உடலின் மேல்விளிம்பில், இரு பக்கமும் நீளமான ஒரு தட்டையான பட்டை இருக்கிறதா? சுழல் வீழ்ச்சியிலிருந்து மீள்வதற்காக 1941-க்குப் பின் சேர்த்த திருத்தம் அது. பட்டை இருந்தால் காலாங் படம் ஏறக்குறைய உறுதியாகப் போருக்குப் பிந்தியது. இல்லாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பட்டை இல்லாமலும் பல விமானங்கள் பறந்தன.

போருக்கு முந்தியது என்றால் வழி லண்டன் பக்கம் போகிறது. இங்கே வந்த மாத் வகை விமானங்கள் பெரும்பாலும் பிரிட்டனில் பறக்கும் தகுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கப்பலேறியவை. அந்தச் சான்றிதழின் எண்ணும் தேதியும் தயாரிப்பு எண்ணோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும். முன்பு ஜி- பதிவில் பறந்திருந்தால் பிரிட்டிஷ் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஜி-இன்ஃபோ தளத்தில் பழைய பதிவேட்டுப் பக்கத்தின் ஸ்கேன் கிடைக்கும். உரிமையாளர், சான்றிதழ் எண், நீக்கிய தேதி, நீக்கிய காரணம் எல்லாம் கையெழுத்தில் இருக்கும். "வெளிநாட்டுக்கு விற்பனை" என்று முடிந்தால் அடுத்த பதிவை விமான வரலாற்று ஆர்வலர்களான ஏர்-பிரிட்டன் சங்கத்தார் தொகுத்த வி.ஆர்.-எஸ் பட்டியலில் தேடுங்கள்.

ஒரு சிக்கலை இப்போதே சொல்லிவிடுகிறேன். 1928-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஃபிளையிங் கிளப் போன்ற மன்றங்களின் விமானங்களை மலாயாத் தொண்டர் விமானப் படை எடுத்துக்கொண்டது. கடைசி வாரங்களில் சில சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போயின. பட்டியல்களில் இவற்றுக்கு எதிரே "1942 பிப்ரவரியில் இழப்பு" என்று இருக்கும். பல நேரம் அது ஆவணத்தில் இருந்த வரி அல்ல, தொகுத்தவரின் ஊகம். உங்கள் குறிப்பில் அதை உண்மை போல எழுதிவிடாதீர்கள்.

போருக்குப் பிந்தியது என்றால் அது படையிலிருந்து விற்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். போர்க்காலத்தில் பிரிட்டனில் கட்டிய டைகர் மாத்களின் தயாரிப்பு எண் ஐந்து இலக்கம், 82 முதல் 86 வரையிலான எண்களில் தொடங்கும். விமானி அறையில் "எம்.சி.ஓ./டி.எச்." என்று தொடங்கும் தகடு ஒன்று இருக்கும். பலர் தடுக்கி விழும் இடம் இது. அது டைகர் மாத்களைக் கட்டித் தந்த கவுலி மோரிஸ் ஆலை தன் உடற்கூட்டுக்குப் போட்ட எண். விமானத்தின் தயாரிப்பு எண் அல்ல. பழைய பதிவேடுகளிலேயே அதிகாரிகள் இதைப் பார்த்து அதை எழுதிவைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பைப்பர் எல்-4 கதையும் இதேதான்: கூட்டு எண் ஒன்று, தயாரிப்பு எண் வேறு, பதிவேட்டில் இரண்டும் குழம்பிக் கிடக்கும். ஒரே விமானம் இரண்டு எண்களில் இரண்டு விமானமாகப் பட்டியலில் வாழ்வது இதனால்தான்.

ரிவெட்டு:

இரண்டாவது படம் ஆஸ்டர் என்ற சிறு விமானம். வி.எஃப். வரிசை என்றால் ஏ.ஓ.பி.6, வானிலிருந்து கண்காணிப்பதற்கான ரகம். உறுதி செய்துகொள்ள இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள்: இறக்கைக்கு வெளியே, பின்னால் தள்ளி, தனி இறக்கை போல மடிப்பு (ஃபிளாப்) தொங்கும். எஞ்சின் தலைகீழ் ஜிப்சி மேஜர். முந்தைய ஏ.ஓ.பி.5-இல் தட்டையான லைக்கமிங், அதனால் அதன் மூக்கே அகலமாக இருக்கும்.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்த மலாயா அவசரகாலத்தில் இவற்றைப் பறக்கவிட்டது பிரிட்டிஷ் விமானப் படையின் 656 ஸ்குவாட்ரன். அதன் கீழே 1902, 1907, 1911, 1914 என்று தனிப் பிரிவுகள். விமானி தரைப்படைக்காரர், பெரும்பாலும் பீரங்கிப் படை அதிகாரி. விமானமும் அதைப் பழுது பார்க்கும் ஆட்களும் விமானப் படையைச் சேர்ந்தவர்கள். ஆகவே விமானத்தின் ஆவணம் ஒரு பக்கம், ஆளின் ஆவணம் இன்னொரு பக்கம். விமானியை விமானப் படைக் கோப்பில் தேடிக் காணோம் என்று கைவிட்டவர்கள் உண்டு. 1957 செப்டம்பரில் தரைப்படை விமானப் பிரிவு தனியாக உருவான பிறகு நடந்ததற்கு இங்கிலாந்தின் மிடில் வாலப்பில் உள்ள தரைப்படை விமான அருங்காட்சியகத்தைக் கேட்க வேண்டும். உங்களுடையது 51 என்பதால் விமானப் படை ஆவணம்தான்.

கேட்க வேண்டியவை மூன்று.

ஃபார்ம் 78 என்பது விமானத்தின் நடமாட்ட அட்டை. எந்தப் பிரிவுக்கு எப்போது போனது, எப்போது கணக்கிலிருந்து நீக்கினார்கள் என்று சொல்லும். பிரிட்டனுக்குள் இருந்த விமானங்களுக்கு இது நன்றாக நிரம்பியிருக்கும். கடல் கடந்து வந்தவற்றுக்கு "தூரக் கிழக்கு" என்று ஒரு வரி, அப்புறம் நீக்கிய தேதி, அவ்வளவுதான். நடுவில் நான்கு வருடம் வெறுமையாக இருப்பதும் சாதாரணம்.

ஃபார்ம் 1180 என்பது விபத்து அட்டை. உங்களுக்கு உயிரான ஆவணம் இது. தேதி, இடம், விமானியின் பறப்பு மணி, சேதத்தின் வகை, காரணம் இரண்டு மூன்று வரியில். இந்த அட்டைகள் ஹெண்டனில் உள்ள ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கேட்கும்போது விமான வகை, வரிசை எண், தோராயத் தேதி மூன்றையும் கொடுங்கள். ஆள் பெயரை மட்டும் கொடுத்தால் தேடுவது கடினம்.

மூன்றாவது, ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பு. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 தொகுப்பு. நிலையங்களுக்கு ஏர் 28. சிலேத்தாரில் இருந்த 390 மெயின்டனன்ஸ் யூனிட் (பராமரிப்புப் பிரிவு) போன்றவற்றுக்கு ஏர் 29. 656-இன் குறிப்பில் ஒன்றும் கிடைக்காவிட்டால் சிலேத்தார் நிலையத்தின் குறிப்பில் பாருங்கள். தரையிறங்கும்போது நடந்த சிறு விபத்தை ஓடுபாதைக்குப் பொறுப்பானவர்கள் எழுதியிருப்பார்கள், ஸ்குவாட்ரன் எழுதியிருக்காது.

சேத வகையைப் படிக்கும்போது கவனம். போர்க்காலத்தில் எழுத்து: ஏ என்றால் இருந்த இடத்திலேயே சரிசெய்யலாம், பி என்றால் பணிமனைக்கு அனுப்ப வேண்டும், சி என்றால் இனிப் பறக்காது ஆனால் பயிற்சிக் கூடத்துக்கு உதவும், ஈ என்றால் முழு இழப்பு. 1950-களில் எண்ணுக்கு மாறினார்கள், முழு இழப்பு 5. அதிலும் 5-க்குப் பக்கத்தில் சி என்றால் பாகங்களைக் கழற்றிக்கொள்ளலாம், எஸ் என்றால் பழைய இரும்பு. எழுத்துக் கால "சி"யும் எண் கால "5சி"யும் ஒன்றல்ல. இதைக் குழப்பி, பாகங்களுக்காகப் பிரித்த விமானம் பயிற்சிக் கூடத்தில் உயிரோடு இருந்ததாக எழுதுவதைப் பார்க்கலாம்.

மூக்குக் குத்தி நிற்கும் ஆஸ்டரைப் பார்த்ததும் அது ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். வால் சக்கர விமானம் ஈரத் தரையில் பிரேக் பிடித்தால் எளிதில் மூக்குக் குத்தும். புரொப்பல்லர் போகும், மூக்கு மூடி நசுங்கும். உடற்கூடு எஃகுக் குழாய். வளையாமல் இருந்தால் சில வாரத்தில் மறுபடி பறந்திருக்கும். படத்தில் கீழ்ப்புற நீளக் குழாய் நேராக இருக்கிறதா, இறக்கையைத் தாங்கும் சாய்கம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காணாமல்போன இலக்கத்துக்குப் பத்து வாய்ப்பு. ஆனால் பத்து எண்ணும் இருந்தே தீர வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் வரிசை எண்களில் வேண்டுமென்றே இடைவெளி விடுவார்கள். முதலில் அந்தப் பத்தில் எவை உண்மையில் ஒதுக்கப்பட்டவை, அவற்றில் எவை தூரக் கிழக்குக்கு வந்தவை என்று வடிகட்டுங்கள். மீதமாகும் இரண்டு மூன்றுக்கு மட்டும் அட்டை கேளுங்கள்.

ஜூரோங்காரி:

செய்தித்தாள் பக்கம் நான் சொல்கிறேன். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், ஃப்ரீ பிரஸ், மலாயா டிரிபியூன், தமிழ் முரசு எல்லாம் இருக்கின்றன. சில பிற்காலப் பக்கங்களை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும். விக்டோரியா ஸ்திரீட் போக வேண்டியிருக்கும்.

பதிவெழுத்தை அப்படியே தட்டினால் கிடைப்பது அரிது. பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது எஸ் என்பது 5 ஆகும், கோடு புள்ளியாகும், வி என்பது ஒய் ஆகும். அதைவிட முக்கியமான காரணம், நிருபர்கள் பதிவெழுத்தை எழுதியதே குறைவு. "மன்றத்தின் மாத் விமானம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே விமானத்தைத் தேடாதீர்கள், சம்பவத்தைத் தேடுங்கள்: ஃபிளையிங் கிளப், ஃபோர்ஸ்டு லேண்டிங், சதுப்பு, ரப்பர் தோட்டம் என்ற சொற்களை அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஜொகூருக்குக் கடைசியில் ஒரு ஈ சேர்த்து எழுதுவார்கள். விமானத்துக்கு இன்றைய சொல் வேண்டாம், "ஏரோப்ளேன்" என்றே தேடுங்கள். தேதியை மூன்று மாத எல்லைக்குள் சுருக்கிக்கொண்டால் முடிவுகள் கைக்கு அடங்கும்.

தமிழ் முரசைத் தேதி வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நல்லது. சிலேத்தார், செம்பவாங் படைத்தளங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை பார்த்த காலம் அது. தளத்தில் நடந்ததை முரசு எழுதியிருந்தால் மீட்பில் இருந்த தொழிலாளர், பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மக்கள் என்ற கோணத்தில் ஒரு வரி கூடுதலாகக் கிடைக்கலாம். "ஆகாய விமானம்" என்ற தலைப்புக்குக் கண் பழக வேண்டும்.

ஒரே விபத்தை இரண்டு தாளிலாவது படியுங்கள். காலைத் தாளும் மாலைத் தாளும் ஒரே நாளை "நேற்று", "இன்று காலை" என்று எழுதும். அங்கேயே ஒரு நாள் பிசகும். முதல் செய்தியோடு நிறுத்தவும் கூடாது. மரண விசாரணை இருந்தால் சில வாரம் கழித்து கோரனர் நீதிமன்றச் செய்தி வரும். பொறியாளர் சாட்சியம், விமானியின் அனுபவம், வானிலை எல்லாம் அதில்தான் விரிவாக இருக்கும். முதல் நாள் செய்தியில் "எஞ்சின் கோளாறு" என்று இருந்தது, விசாரணைச் செய்தியில் தாழப் பறந்து திரும்பியபோது வேகம் இழந்தது என்று மாறியிருக்கும்.

நீரிணைக் குடியேற்றக் கால அரசுக் கடிதங்களுக்கு கியூவில் சி.ஓ. 273 தொகுப்பு. அதன் மைக்ரோஃபிலிமைப் பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை. அரசுக் கோப்புகளுக்கு நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தலைப்பு தேடலாம். சிலவற்றுக்குக் கோப்பைக் கொடுத்த துறையின் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி வர நாளாகும், ஆகவே அந்த விண்ணப்பத்தை முதலிலேயே போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

காலாங்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. காலாங் படத்தை 1200 டி.பி.ஐ.-இல் மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தேன். சாய்ந்த இறக்கை, வாலுக்கு முன் பட்டை இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. ஆஸ்டரின் பின்விளிம்பில் தொங்கும் மடிப்பும் தெரிகிறது.

செஸ்னா தகட்டில் எட்டு இலக்கம், 17261 என்று தொடங்குகிறது. லாக்புக்கில் ஒரு புதிர்: ஒரு பக்கத்தின் முடிவில் இருக்கும் மொத்த மணிக்கணக்கைவிட அடுத்த சில பக்கம் கழித்து வரும் கணக்கு குறைவாக இருக்கிறது. ஏதோ ஒளித்திருக்கிறார்களா?

பாயலேபார்:

ஒளித்தார்கள் என்று உடனே நினைக்க வேண்டாம், தம்பி. மணிக்கணக்கு பின்னால் போவதற்கு மூன்று சாதாரணக் காரணம் உண்டு. எஞ்சின் ஓடிய மணியை எண்ணும் டாக்கோமீட்டரை மாற்றியிருப்பார்கள், புதியது பூஜ்யத்தில் தொடங்கும், எழுதுபவர் பழையதைக் கூட்ட மறந்திருப்பார். இல்லையென்றால் எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் பின் எஞ்சின் மணியை உடல் மணிக் கட்டத்தில் எழுதியிருப்பார். மூன்றாவது, மணியும் நிமிடமும் எழுதிய கை மாறி, பத்தில் ஒரு பங்காக எழுதும் கை வந்திருக்கும். 1.30 என்பது ஒருவருக்கு ஒன்றரை மணி, இன்னொருவருக்கு ஒரு மணி பதினெட்டு நிமிடம். கணக்கு சரியும் பக்கத்தின் தேதியை எஞ்சின் லாக்புக்கோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

விபத்தின் தடயம் வேறு இடத்தில் இருக்கும். பறப்பே இல்லாத நீண்ட இடைவெளி ஒன்றைத் தேடுங்கள். அது முடியும் இடத்தில் புதிய புரொப்பல்லர், எஞ்சினைப் பிரித்துப் பார்த்த குறிப்பு, மூக்குச் சக்கரக் கால், ஃபயர்வால் தகடு (எஞ்சினையும் விமானி அறையையும் பிரிப்பது) எல்லாம் ஒரே தேதியில் வந்தால் நடந்தது இதுதான்: மூக்குச் சக்கரம் முதலில் தரையை அடித்திருக்கிறது. 172-இல் மூக்குக் கால் ஃபயர்வாலோடு பிணைந்தது. பலமாக அடித்தால் தகடு சுருங்கும், அதோடு புரொப்பல்லர் தரையைத் தொடும். தரையைத் தொட்டால் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டைப் பார்க்காமல் விடக் கூடாது. "விபத்து" என்ற சொல் லாக்புக்கில் எங்கேயும் இருக்காது. பாகப் பட்டியலே பேசும்.

எண்ணுக்கு வருவோம். முதல் மூன்று இலக்கம் மாடல், மீதி ஐந்து வரிசை. 17260759 முதல் 17267584 வரை 172எம், 1973 முதல் 1976 வரையிலான மாடல் ஆண்டுகள். உங்களுடையது அதற்குள் அடங்குகிறது. மாடல் ஆண்டு வேறு, ஆலையை விட்டு வந்த தேதி வேறு; அடுத்த ஆண்டு மாடலை முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே கட்டத் தொடங்கிவிடுவார்கள். எண்ணுக்கு முன் எஃப் இருந்தால் பிரான்ஸில் ரெய்ம்ஸ் ஆலையில் கட்டியது, அமெரிக்கக் கோப்பு இருக்காது.

அமெரிக்காவின் 'என்' (N) எழுத்துப் பதிவோடு கொஞ்ச நாளாவது இருந்திருந்தால் ஒக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்தில் கோப்பு இருக்கும். சிறு கட்டணம் கட்டினால் முழுக் கோப்பையும் தருவார்கள். ஒரு பாதியில் விற்பனைப் பத்திரங்களும் பதிவு விண்ணப்பங்களும், மறு பாதியில் தகுதிச் சான்றிதழும் ஃபார்ம் 337-களும். பெரிய பழுது, பெரிய மாற்றம் எல்லாம் 337-இல்தான் வரும். எந்த இறக்கையின் எந்தப் பகுதியை எதை வைத்து ஒட்டினார்கள் என்பது வரை எழுதியிருக்கும், ஆகவே அமெரிக்காவில் ஒரு விபத்து நடந்திருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். சிங்கப்பூருக்கு வந்தபோது ஏற்றுமதித் தகுதிச் சான்றிதழ், பதிவு நீக்கக் கடிதம் இரண்டும் கோப்பின் கடைசியில் இருக்க வேண்டும். ஆலையிலிருந்து நேரே பெட்டியில் வந்தது என்றால் கோப்பே இருக்காது. அப்போது 9வி பதிவிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி.-இன் தரவுத்தளம் 1962 முதலான விபத்துகளைக் கொண்டது. பழைய பதிவுகள் சில குறியீட்டு வரிகளே. அங்கே 'என்' (N) பதிவு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள், ஒரே எண்ணை அடுத்தடுத்துப் பல விமானங்களுக்குக் கொடுப்பார்கள். 9வி எழுத்துகளும் அப்படியே மறுபடி வழங்கப்படும். தயாரிப்பு எண்ணும் ஒத்துவர வேண்டும்.

எந்த நாட்டில் விழுந்ததோ அந்த நாடுதான் விசாரிக்கும். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு அப்படித்தான் சொல்கிறது. 9வி விமானம் ஜொகூரில் விழுந்திருந்தால் மலேசிய ஆவணத்தைத் தேடுங்கள். இங்கே நடந்ததென்றால் இன்று போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு. அது 2016-இல் வந்தது, அதற்கு முன் 2002 முதல் விமான விபத்து விசாரணைப் பிரிவு. 70-கள், 80-களின் சம்பவங்களுக்கு அவர்கள் தளத்தில் அறிக்கை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்; செய்தித்தாளும் ஆவணக் காப்பகமும்தான்.

டேட்டா பிளேட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நான்கு ரிவெட்டில் நிற்கும் தகடு அது. விழுந்த விமானத்தின் தகட்டை வேறு கூட்டில் அடித்து விற்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. ரிவெட் தலைகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா, தகட்டைச் சுற்றிப் பழைய பெயின்ட் ஓரம் ஒழுங்காக இருக்கிறதா என்று படம் எடுத்துப் பாருங்கள்.

வால்சக்கரம்:

காரணத்தைப் படிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. அதையும் மூன்று தேதிக் கேள்வியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் வட்டாரத்துப் பழைய அறிக்கைகளில் அடிக்கடி வரும் வரி: "எஞ்சின் நின்றது, பிறகு சோதித்தபோது கோளாறு எதுவும் இல்லை." இதைப் படித்து விமானியைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. கார்புரேட்டர் பனியை நினைத்துப் பாருங்கள். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் 20, 30 டிகிரி சட்டென்று இறங்கும். வெளியே 28 டிகிரி, காற்றில் ஈரம் 85 சதவீதம் என்றால் உள்ளே பனி கட்டுவதற்கு வேறென்ன வேண்டும்? தரையிறங்க எஞ்சினைக் குறைக்கும்போதுதான் அதிகம் கட்டும். விமானம் சதுப்பில் விழுந்து, ஆள் போய்ச் சேருவதற்குள் அந்தப் பனி உருகி ஒழுகிவிடும். பொறியாளர் வந்து இயக்கினால் எஞ்சின் நன்றாக ஓடும். எல்லா மர்மத்துக்கும் இதுவே விடை என்று சொல்லவில்லை. இறங்கும் கட்டம், குறைந்த எஞ்சின் வேகம், மழைக்குப் பிந்திய காலை என்ற மூன்றும் அறிக்கையில் இருந்தால் இதை முதலில் எடைபோடுங்கள்.

மரமும் துணியும் வேறு கதை. பழைய கேசின் பசை பாலிலிருந்து செய்வது. ஈர வெப்பத்தில் பூஞ்சணம் அதைத் தின்னும். வெளியே டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசிய துணி பளபளவென்று இருக்கும், உள்ளே இறக்கையின் விலாக்கட்டையில் பசை விட்டுப் போயிருக்கும். புஸ் மாத் (Puss Moth) என்ற ஒற்றை இறக்கை வகையில் 1930 முதல் சில ஆண்டுகள் இறக்கை பறக்கும்போதே முறிந்த விபத்துகள் அடுத்தடுத்து நடந்தன. இறக்கை அதிர்வு என்று கண்டறிந்து தாங்கு கம்பிகளுக்கு நடுவே ஒரு சிறு கம்பி சேர்த்தார்கள். படத்தில் அந்தச் சிறு கம்பி இருக்கிறதா என்பதும் காலம் சொல்லும்.

டைகர் மாத்துக்கு ஆஸ்திரேலியாவின் 2013 டிசம்பர் 16 விபத்து அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள், வி.எச்.-டி.எஸ்.ஜி., குயின்ஸ்லாந்தின் தெற்கு ஸ்ட்ராட்ப்ரோக் தீவுக்கு அருகே. இருவர் இறந்தார்கள். கீழிறக்கைகளை உடலுக்குக் குறுக்கே பிணைக்கும் இழுகம்பிகளின் மரையில் உலோகக் களைப்பு விரிசல் வந்து முறிந்திருந்தது. அந்தக் கம்பிக்கு 2,000 மணி அல்லது 18 ஆண்டு என்று ஆயுள் வரம்பு உண்டு. அதற்கு வெகு முன்பே போய்விட்டது. பழைய லாக்புக் பார்க்கும்போது இழுகம்பி மாற்றிய தேதி எங்கே என்று தேடுவதற்கு இதுவே காரணம்.

இனி மூன்று தேதி. மூன்றும் சரியாகவே இருக்கலாம். ஒன்று விழுந்த நாள். இன்னொன்று படைக் கணக்கிலிருந்து நீக்கிய நாள். சேதக் குழு வந்து பார்த்து, காகிதம் மேலே போய்த் திரும்பிய பிறகு, சில நேரம் மாதக் கடைசியில் மொத்தமாக எழுதுவது. மூன்றாவது சிவில் பதிவேட்டில் நீக்கிய நாள். உரிமையாளர் கடிதம் போடாமல் இருந்தால் வருடக் கணக்கில் தள்ளிப் போகும். தேதியை எழுதும்போது பக்கத்தில் அது எந்தச் செயலின் தேதி, எந்தத் தாளில் பார்த்தது என்று இரண்டு கட்டம் போட்டுவிடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் தேதியையும் பென்சிலிலேயே வையுங்கள்.

காலாங்கரை:

இரண்டு கட்டமும் போட்டுவிட்டேன். ஒரு கடைசிக் கேள்வி. ஆஸ்டர் விபத்தில் யாராவது இறந்தார்களா என்று அட்டை வருவதற்கு முன் தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஜூரோங்காரி:

உண்டு. கிராஞ்சியில் போர்க்கால நினைவிடத்தை ஒட்டி ராணுவக் கல்லறை தனியாக இருக்கிறது. பாசிர் பாஞ்சாங், உலு பாண்டான் கல்லறைகளில் இருந்தவர்களை 1975-இல் அங்கே மாற்றினார்கள். போருக்குப் பிந்திய படை மரணங்கள் அதில் அடங்கும். கல்லில் பெயர், பிரிவு, இறந்த நாள் இருக்கும். 1951-ஐ மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள், பீரங்கிப் படை, விமானப் படை இரண்டின் சின்னத்தையும் கவனியுங்கள். ஒரே நாளில் இரண்டு கல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆஸ்டரில் விமானியோடு ஒரு பார்வையாளரும் போவது வழக்கம். கிடைக்கும் பெயர்களை இங்கே போட வேண்டாம், குடும்பத்தார் இருக்கலாம். நாளையும் பிரிவையும் மட்டும் எழுதுங்கள், அந்த வார நாளிதழ்களை நான் புரட்டித் தருகிறேன்.